பாரம்: ஒரு தாள், எட்டுப் பக்கம், மூன்று தடவை பிழையாய் வந்த துலா

கடைசியில் கையில் மிஞ்சியது ஒரேயொரு ஏ4 தாள்தான். அதை மடித்து நடுவில் ஒரு வெட்டுப் போட்டால் உள்ளங்கைக்குள் அடங்கும் எட்டுப் பக்கப் புத்தகம். உள்ளே ஒரு கதை, ஆறு படம். இதற்கு ஐந்து கிழமை போனது என்று சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். எங்கெங்கே நேரம் போனது என்று எழுதி வைத்தால், இதே வேலையில் இறங்கும் வேறு யாருக்காவது இரண்டு கிழமையாவது மிஞ்சும்.

பல வருடமாக நான் வெறும் பார்வையாளன். இணையத்தில் நல்ல கோட்டோவியம் கண்டால் எடுத்து ஒரு கோப்புறையில் போட்டு வைப்பேன். ஒவ்வொரு ஒக்ரோபரும் உலகம் முழுக்க ஆட்கள் நாளுக்கு ஒரு மைச் சித்திரம் வரைந்து போடுகிறார்களே, 2009இல் ஜேக் பார்க்கர் என்ற ஓவியர் தன் கையைப் பழக்குவதற்காகத் தொடங்கிய 31 நாள் பழக்கம், அதில் நானும் ஒரு வருடம் இறங்கினேன். ஒன்பதாம் நாளோடு நின்றுவிட்டது. ஆனால் அந்த ஒன்பது நாளில் ஒன்று விளங்கியது. நான் சேர்த்து வைத்த படங்களில் எல்லாம் பனிமலை, ஊசியிலைக் காடு, கல்கோபுரம். என் கையும் அதையே வரைந்தது. எனக்கு வேண்டியிருந்ததோ கிடுகு வேலிக்குப் பின்னால் வந்து இறங்கும் பறக்கும் தட்டு.

தமிழில் தேடுவதற்கும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ‘அறிவியல் புனைகதை’ என்று தேடினால் வருவது வேறு, ‘அறிபுனை’ என்று தேடினால் வருவது வேறு, ‘மிகுபுனைவு’ என்றால் இன்னொரு கூட்டம். மூன்றையும் தேடிப் பார்க்க வேண்டும். கதைகள் நிறையவே அகப்பட்டன, கூடவே படம் உள்ளவை குறைவு. படத்துக்கு நான் போனது நூலகம் இணையத்தளத்துக்கு. 2005இலிருந்து இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேர்த்து வரும் இடம் அது. பழைய சஞ்சிகைகளின் கதைத் தலைப்புப் படங்களைப் பாருங்கள். கறுப்பும் வெள்ளையும் மட்டும், சாம்பல் நிறமே கிடையாது. மலிவான அச்சில் எது நிலைக்கும் என்று தெரிந்து வரைந்த கைகள். போட்டோக்கொப்பி மெஷினில் அச்சடிக்கப் போகிறவனுக்கு அதைவிடப் பாடம் தேவையில்லை.

கதை நிலாவரையில் கிடைத்தது. புத்தூருக்குப் பக்கம், நவக்கிரியில் இருக்கும் அந்தக் கிணறு. அடியே இல்லை என்று சின்ன வயதில் பயம் காட்டுவார்களே, அதுதான். மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர். படம் கீறப் போன அன்று வெயில் தாங்காமல் கிணற்றுக் கட்டின் மேல் குந்தியிருந்தபோது பள்ளிக்கூடத்தில் படித்த கணக்கு ஞாபகம் வந்தது. யாழ்ப்பாணத்தில் ஓடுகிற ஆறு என்று சொல்ல மழைகாலத்து வழுக்கியாறு மட்டும்தான். மற்றதெல்லாம் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிய மழை. அந்த நல்ல தண்ணீர் கடல் நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் நீரின் அடர்த்தி 1.025, நல்ல தண்ணீரின் அடர்த்தி 1. இந்தச் சின்ன வித்தியாசத்தால், கடல் மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் நிற்கும். கைபன்–ஹெர்ஸ்பேர்க் விதி என்று பெயர். திருப்பிப் போட்டால்தான் வயிற்றைக் கலக்கும்: மேலே 1 மீற்றர் இறங்கினால் கீழேயிருந்து உப்பு 40 மீற்றர் ஏறி வரும்.

அதுவே கதை. 2126ஆம் ஆண்டு. வீடு வீடாகப் போய்க் கிணற்றின் உப்பை அளந்து பதியும் ஒரு பெட்டை. பம்புக்குத் தடை, ஏனென்றால் பம்பு கண்மூடித்தனமாக உறிஞ்சும். ஆகவே அரசு எல்லாத் தோட்டக் கிணற்றிலும் இயந்திரத் துலாவை நட்டிருக்கிறது (துலா என்றால் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் ஏற்றம்). மெதுவாக இறைக்கும், உப்பு வாசம் பட்டால் தானே நிற்கும். ஒரு கிணற்றில் மட்டும் அது நிற்கவேயில்லை. ஏன்?

ஏன் என்று எனக்கே அப்போது தெரியாது. முதலில் துலாவை வரைவோம் என்று தொடங்கினேன்.

நான் துலாவை நேரில் கண்ட ஞாபகம் மங்கல்தான். படம் போடும் செயற்கை நுண்ணறிவு ஒன்றிடம் கேட்டுப் பார்த்தேன். கப்பியும் கூரையும் போட்ட ஒரு கிணற்றைத் தந்தது. கேட்டவன் பிழை. இணையத்தில் வேறு நாட்டுத் துலாப் படங்கள் ஏராளம். அவற்றில் ஒன்றைப் பார்த்துத்தான் முதல் படம் போட்டேன். நட்ட கால், மேலே குறுக்காக நீண்ட மரம், ஒரு நுனியில் வாளி, மற்ற நுனியில் பாரத்துக்குக் கல். கோடு நன்றாகவே விழுந்திருந்தது. அந்தத் திருப்தியோடு உரும்பிராய்க்குப் போய் அப்பப்பாவிடம் காட்டினேன். புகையிலையும் வெங்காயமும் செய்த மனிதர். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தார்.

“உதென்ன, கல்லைக் கட்டி வச்சிருக்கிறாய்?”

“பாரத்துக்கு, அப்பப்பா.”

“வீட்டுக் கிணத்துத் துலாவுக்கு உப்பிடிப் பாரம் கட்டலாம். தோட்டக் கிணத்தில ஆள்தான் பாரம். ஆள் எங்க?”

ஆள் இல்லை. அதோடு விடவில்லை. துலா மரத்தை ஆடுகாலோடு, அதாவது அதைத் தாங்கும் நட்ட காலோடு, நான் ஒட்டி வைத்திருந்த இடத்தில் விரலை வைத்தார். “அச்சுலக்கை எங்க? ஆணி அடிச்ச துலா எப்பிடி ஆடும்?”

இரண்டாவது படத்தில் ஆடுகால், குறுக்கே அச்சுலக்கை, அதன் மேல் துலா, துலாவின் மேல் ஆள். தண்ணீர் அள்ளும் பனையோலைப் பட்டை தண்ணீருக்குள் இறங்கிக் கிடக்கிறது. ஆள் பின் நுனியில் நிற்கிறார். அடுத்த ஞாயிறு கொண்டு போனேன். பார்த்த உடனே சிரித்தார். “பின்னுக்கு நிண்டால் பட்டை மேல வந்திருக்க வேணுமெல்லோ. இவன் என்ன, காத்தோ?” சரிதான். ஆள் கிணற்றுப் பக்கம் நடந்தால் துலா முன்னால் சாய்ந்து பட்டை இறங்கும், பின்பக்கம் நடந்தால் பட்டை ஏறும். ஒரு நாள் முழுக்க அந்த மரத்தின் மேல் முன்னும் பின்னும் நடை. கீழே ஒருவர் பட்டையைப் பிடித்துச் சரிக்க, இன்னொருவர் வாய்க்காலில் நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவார். ஆக மூன்று பேர். என் இரண்டு படத்தையும் சேர்த்து வந்தது ஒரேயொரு ஆள்.

மூன்றாவது படம் என் கைப்பிழை, அப்பப்பா அதைக் காணவேயில்லை. மூன்று பேரையும் வைத்து, மெல்லிய 0.3 பேனையால் பனையோலைப் பட்டையின் பின்னலை ஒவ்வோர் ஈர்க்காகக் கீறினேன். ஒரு முழுப் பின்னேரம். ஏ5 அளவில் வரைந்து ஏ7க்குச் சுருக்குவது திட்டம். ஏ5 என்பது ஏ7இன் நீள அகலத்தில் சரியாக இருமடங்கு, எனவே 50 வீதம். பாதியாய்ச் சுருங்கியபோது 0.3 கோடு 0.15 மில்லிமீற்றர் ஆகி, போட்டோக்கொப்பியில் பின்னல் முழுக்கக் காணாமல் போனது. பட்டை வெறும் வெள்ளைப் பொட்டலம். அதன்பிறகு 0.5க்குக் கீழே பேனையைத் தொடவில்லை. நாலாவது படம்தான் புத்தகத்தில் இருப்பது.

ஆனால் “ஆள்தான் பாரம்” என்ற அந்த வசனம் கதையின் பூட்டைத் திறந்துவிட்டது. அந்த ஒரு கிணற்றில் இயந்திரத் துலா நிற்காததற்குக் காரணம், இரவில் யாரோ அதன் மேல் ஏறி நடக்கிறார்கள். யார் என்று இங்கே சொல்லப் போவதில்லை. தலைப்பும் அதோடு வந்துவிட்டது: பாரம்.

ஸ்கான் செய்வதற்குக் கையில் இருந்த போனால் படம் பிடித்துப் பார்த்தேன். ஒரு மூலை வெளிச்சம், மறு மூலை நிழல். பிறகு ஒரு கடையில் ஸ்கான் செய்தேன். கேட்காவிட்டால் குறைந்த தெளிவில், ஜேபெக் ஆகத்தான் தருவார்கள். கோட்டோவியத்துக்கு ஜேபெக் ஆகாது, கறுப்புக் கோட்டைச் சுற்றி ஈ மொய்த்தது போல் தூசி விழும். 600 டிபிஐ, பிஎன்ஜி என்று கேட்டு வாங்குங்கள். முழு ஏ4 என்றால் 4960க்கு 7016 புள்ளி வரும். சாம்பல் நிறத்தில் வைத்திருந்தால் சுருக்காமல் 35 எம்பி அளவு. தனிக் கறுப்பு வெள்ளையாக மாற்றினால் அதில் எட்டில் ஒரு பங்கு. கிம்ப் மென்பொருளில் லெவல்ஸைக் கொஞ்சம் இழுத்து, பென்சில் தடத்தை வெளுக்க வைத்து, அப்புறம் திரெஷோல்ட். படத்துக்குப் பத்து நிமிடம். இந்தப் பகுதியில் எனக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை.

கஷ்டம் எல்லாம் எழுத்தில்.

கதையைத் திருத்தித் தந்த நண்பர் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டி அனுப்பியிருந்தார். இங்கே பாதிப் பேர் இன்னும் பாமினிதான், பழகின விரல் மாறாது. என் கணினியில் அந்த எழுத்துரு இல்லை. திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரு காடு. பாமினியில் அரைப்புள்ளி விசைதான் மெய்யெழுத்தின் புள்ளி, அதனால் பாமினிக் கோப்பை ஒரு பார்வையிலேயே கண்டுபிடித்துவிடலாம். இணையத்தில் இருக்கும் மாற்றியில் போட்டு ஒருங்குறிக்கு, அதாவது யூனிகோடுக்கு, கொண்டுவந்தேன். மாற்றிய பிறகு ஒருமுறை எழுத்தெண்ணி வாசிக்க வேண்டும். எண்களும் மேற்கோள் குறிகளும் அங்கங்கே உருமாறிக் கிடந்தன.

ஒருங்குறிக்கு வந்ததும் அடுத்த அடி. நான் படம் போடும் மென்பொருளில் ‘கொடி’ என்று ஒட்டினால், ககரத்துக்குப் பிறகு கொம்பு, அதற்குப் பிறகு கால், இடையில் ஒரு புள்ளி வட்டம். ஒருங்குறியில் ஒகரக் குறி எழுத்துக்குப் பின்னால்தான் சேமிக்கப்படும், அதை இரண்டாகப் பிரித்து முன்னும் பின்னும் வைப்பது காட்டுகிற மென்பொருளின் வேலை. அந்த வேலை தெரியாத மென்பொருளில் கொ, கோ, கௌ மூன்றும் நொண்டும். எழுத்தை இங்க்ஸ்கேப்புக்குக் கொண்டுபோனேன். அது தமிழை ஒழுங்காகக் கோக்கிறது. பக்க வடிவமைப்புக்கு ஸ்கிரைபஸ் பாவிப்பவர்கள் 1.5.3 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், 1.4 வரிசையில் இதே நொண்டல்தான். கதைக்கு நோட்டோ செரிஃப் தமிழ், தலைப்புக்கு பலூ தம்பி. இரண்டும் இலவசம், திறந்த உரிமம், அச்சடித்து விற்றாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

பேச்சுக் குமிழில்தான் எனக்கு உண்மையான சண்டை. நான் படித்துப் பழகிய சித்திரக்கதைகளைப் போல அழகாக வட்டக் குமிழ் வரைந்து வைத்திருந்தேன். தமிழ்ச் சொல் அதற்குள் இறங்கினால்தானே! ‘இறைத்துக்கொண்டிருக்கிறேன்’ என்ற ஒரு சொல்லே குமிழின் இரண்டு பக்கமும் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. எழுத்தைச் சின்னதாக்கினால் வாசிக்க முடியவில்லை. இரண்டு நாள் மல்லுக்கட்டிய பிறகு, பிழை குமிழில் இல்லை, வசனத்தில் என்று தோன்றியது. உரும்பிராயில் யார் ‘இறைத்துக்கொண்டிருக்கிறேன்’ என்று கதைக்கிறார்கள்? ‘இறைக்கிறன்.’ முடிந்தது. குமிழுக்குள் எல்லாம் எங்கள் பேச்சு, வெளியே விவரிப்பு மட்டும் எழுத்துத் தமிழ் என்று பிரித்தவுடன் பாதி இடம் மிஞ்சியது, ஆட்களும் உயிரோடு கதைத்தார்கள். அதற்குப் பிறகும் நீண்ட சொல் வந்தால் குமிழை வட்டமாக இல்லாமல் பலாக்கொட்டை வடிவில் படுக்கப் போட்டேன். சொல்லை உடைக்கத்தான் வேண்டுமென்றால் கையால் உடையுங்கள். புள்ளி வைத்த எழுத்தை அடுத்த வரியின் தொடக்கத்துக்குத் தள்ளிவிடாதீர்கள், கண்ணில் முள்ளாய்க் குத்தும். வரி இடைவெளியும் ஆங்கிலத்துக்கு வைப்பதைவிடத் தாராளமாக வேண்டும். இல்லாவிட்டால் மேல் வரியின் ‘மூ’ வால் கீழ் வரியின் ‘கீ’ கொண்டையில் இடிக்கும்.

இப்போது இன்னொருவர் இதைச் செய்யக் கேட்டால், முதலில் எழுத்தை வைத்துவிட்டு மிச்ச இடத்தில் படம் வரையச் சொல்வேன். நான் தலைகீழாய்ச் செய்தேன்.

பக்கங்களைத் தாளில் அடுக்குவது சின்னப் புதிர். ஏ4ஐப் படுக்க வைத்து எட்டாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் ஏ7, அதாவது 74க்கு 105 மில்லிமீற்றர். கீழ் வரிசையில் இடமிருந்து வலமாக 6, 7, 8, 1 நேராக. மேல் வரிசையில் 5, 4, 3, 2 தலைகீழாக. நடுக் கோட்டில், நடு இரண்டு கட்டங்களின் அகலத்துக்கு மட்டும் வெட்டு. நீளவாட்டில் மடித்து இரண்டு பக்கமும் பிடித்து உள்ளே தள்ளினால் கூட்டல் குறிபோல் விரியும், சுற்றி மடித்தால் புத்தகம். வெறும் தாளில் எண் எழுதி ஒருமுறை மடித்துப் பாருங்கள், ஆயிரம் விளக்கத்துக்குச் சமம். அச்சு மெஷின் ஓரத்தில் 5 மில்லிமீற்றர் அளவு அடிக்காது, அதற்குள் எதையும் வைக்க வேண்டாம். எழுத்தை எல்லாம் கோட்டுருவாக மாற்றிவிட்டுப் பிடிஎஃப் எடுத்தேன், கடைக் கணினியில் எழுத்துரு இல்லாவிட்டாலும் உடையாது. திருத்தக்கூடிய மூலக் கோப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகு அதில் ஒரு எழுத்துக்கூட மாற்ற முடியாது.

டவுனில் 40 பிரதி அடித்தேன். ஒரு பக்கம் மட்டும், தாளுக்கு 20 ரூபாய். வெட்டி மடிக்க ஒரு இரவு. தங்கை உதவினாள், உதவிக் கூலியாக முதல் பிரதி அவளுக்கு.

இணையத்தில் போட்டது அடுத்த நாள். அவசரப் புத்தி, மடிக்கும் தாளின் கோப்பையே வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் தட்டிவிட்டேன். பெரியம்மா உடனே அழைத்தார். “தம்பி, பாதி தலைகீழாய்க் கிடக்குது, போனைத் திருப்பினால் அதுவும் சேர்ந்து திரும்புது.” மடிக்கிற கோப்பு வேறு, வாசிக்கிற கோப்பு வேறு என்று இரண்டாய்ச் செய்தேன். வாசிக்கிற கோப்பில் எட்டுப் பக்கமும் ஒழுங்காக, நேராக. அதில் ஒரு எதிர்பாராத லாபம். என் போன் திரையின் அகலம் ஏறத்தாழ 7 சென்ரிமீற்றர், ஏ7இன் அகலமும் அதேதான். தாளில் வாசிக்கக்கூடிய எழுத்து போனிலும் அதே அளவில் தெரிகிறது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் நசுக்கிவிடும், ஆவணமாக அனுப்ப வேண்டும். இன்ஸ்ரகிராமுக்கு 1080க்கு 1350 என்று வெட்டினால் ஏ7 பக்கத்தின் மேலும் கீழும் அடிபடும். நான் வெட்டவில்லை, இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டி விட்டேன். கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது போல் இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். நான் அப்படி நினைத்துச் செய்யவில்லை, ஆனால் மறுக்கவும் இல்லை.

படத்துக்குள் போன தமிழ் தேடுபவர் கையில் சுலபமாக அகப்படாது. ஆகவே ஒவ்வொரு படத்துக்கும், அதில் என்ன இருக்கிறது என்று சொல்லும் மாற்று உரை எழுதினேன், கதை முழுவதையும் எழுத்தாகவும் கூடவே வைத்தேன். கண் தெரியாதவர்களின் திரைவாசிப்பானுக்கும் அது வேண்டும். உரிமம் கிரியேட்டிவ் கொமன்ஸ்: பெயர் சொல்லிப் பகிரலாம், மாற்றலாம், மாற்றியதையும் அதே உரிமத்தில் விட வேண்டும், காசுக்கு விற்கக் கூடாது. பிழையாய் வந்த மூன்று துலாவையும் அப்பப்பா சொன்ன வார்த்தைகளோடு சேர்த்துப் போட்டேன். நேர்மையாகச் சொன்னால், நான் பாடுபட்ட நாலாவதைவிட அந்த மூன்றைத்தான் ஆட்கள் அதிகம் பகிர்ந்தார்கள். கோப்புகளை இன்டர்நெட் ஆர்க்கைவில் ஒரு பிரதி, இட்ச் என்ற பகிர்வுத் தளத்தில் விலை பூச்சியம் என்று ஒரு பிரதி, வீட்டு அலுமாரியில் பென்டிரைவில் ஒரு பிரதி. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்து ஒரே இரவில் ஏறத்தாழ 97,000 நூல்களைப் பறிகொடுத்த ஊர்க்காரனுக்கு, ஒரே இடத்தில் வைக்காதே என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்தபோது ரொறன்ரோவில் இருக்கும் மச்சாள் ஒரு போட்டோ அனுப்பினாள். மகளுக்காக அச்சடித்து மடித்திருக்கிறாள். மடிப்பு எல்லாம் கோணல், முன்னட்டையின் வலது ஓரம் காணவில்லை. என் கோப்பில் ‘அளவை மாற்றாமல் 100 வீதத்தில் அச்சிடவும்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன். அவளும் சொன்னபடியே செய்திருக்கிறாள். பிரச்சினை என்னவென்றால் அங்கே ஏ4 புழக்கத்தில் இல்லை. லெட்டர் அளவுத் தாள், 279க்கு 216 மில்லிமீற்றர். ஏ4இன் நீளம் 297. இரண்டு பக்கமும் 9 மில்லிமீற்றர் வெட்டுப்பட, மெஷின் விடும் ஓரமும் சேர்ந்து, வலது ஓரத்தில் இருந்த முதலாம் பக்கத் தலைப்பில் ‘ம்’ போய்விட்டது. மடிப்புக் கோடுகளும் நாலரை மில்லிமீற்றர் தள்ளி விழுந்தன.

அன்றிரவே லெட்டர் அளவுக்குத் தனிக் கோப்புச் செய்தேன். ஒவ்வொரு பக்கத்தையும் 69.75 மில்லிமீற்றர் அகலத்துக்குச் சுருக்கி, மடிப்பு இடங்களில் சின்னக் குறியும் வைத்து அனுப்பினேன். திரும்ப அடிக்கச் சொன்னேன். தேவையில்லையாம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போகும் மகள் முதலில் “அம்மா, ‘பார’ எண்டால் என்ன?” என்று கேட்டிருக்கிறாள். விளக்கம் கேட்டுவிட்டு, கிடந்த கொஞ்ச இடத்தில் பென்சிலால் தானே ‘ம்’ எழுதிவிட்டாளாம். இடம் போதாமல் அந்தப் புள்ளியை அட்டையில் இருந்த துலாவின் நுனியில் வைத்திருந்தாள்.